வாயுக்கோள் பச்சையாக ஒளிருமா?

எலைட் டேஞ்சரஸ் என்ற விண்வெளி விளையாட்டில் வருடக்கணக்காகக் கப்பல் ஓட்டுகிறவர்களுக்கு எப்போதாவது ஒரு விசித்திரமான கோள் அகப்படும். வியாழனைப் போன்ற பெரிய வாயுக்கோள்தான், ஆனால் நிறம் பச்சை. வெறும் பச்சை என்றால் யாரும் பெரிதாகப் பேசமாட்டார்கள். இந்தக் கோளின் இரவுப் பக்கமும், அதாவது அதன் சூரியனுடைய வெளிச்சம் எட்டாத பக்கமும், பச்சையாக ஒளிர்கிறது. கப்பலை இருட்டுப் பக்கம் திருப்பினால் மற்ற கோள்கள் கரிய வட்டமாகத் தெரியும். இது மட்டும் உள்ளே விளக்கு ஏற்றி வைத்தது மாதிரி மின்னும். இப்படிப்பட்டவை மிக அரிது. அதனால் அவற்றைத் தேடுவதற்காகவே மாதக்கணக்கில் பயணம் போகிறவர்கள் இருக்கிறார்கள். கண்டவை எல்லாவற்றையும் பட்டியலிட்டு வைத்திருக்கிறார்கள்.

எங்கள் குப்பம் பக்கத்தில் இந்த விளையாட்டை ஆடுகிற கல்லூரிப் பிள்ளைகள் சிலர் உண்டு. ஆந்திர எல்லைக்குள் இருந்தாலும் வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு என்று வளர்கிற ஊர் இது. போன மழைக்காலத்தில் என் அண்ணன் மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, "சித்தப்பா, இந்தக் கோள் ரொம்ப சூடா இருக்கிறதால இப்படி எரியுதா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் வாயுக்கோள் என்றால் என்ன, அதற்கு நிறம் எங்கிருந்து வருகிறது, ஒரு பொருள் ஒளிர்கிறது என்றால் என்ன நடக்கிறது என்று மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியமானது. முதல் இரண்டும் அதற்கு வழி.

அதற்கு முன் விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள ஃப்ரான்டியர் டெவலப்மென்ட்ஸ் 2014 டிசம்பரில் இதை வெளியிட்டது. நம் பால்வெளி மண்டலத்தை அதன் உண்மையான அளவிலேயே, ஏறத்தாழ 40,000 கோடி விண்மீன் குடும்பங்களோடு, இதற்குள் அமைத்திருக்கிறார்கள். அத்தனையையும் யாரும் உட்கார்ந்து வரைந்திருக்க முடியாது. நமக்குத் தெரிந்த விண்மீன்களை அட்டவணைகளிலிருந்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஸ்டெல்லர் ஃபோர்ஜ் என்ற நிரல் விதிகளின்படி உருவாக்குகிறது. இவ்வளவு வாயுவும் தூசியும் இருந்தால் இந்த அளவு விண்மீன் பிறக்கும், இந்தத் தூரத்தில் இந்த மாதிரிக் கோள் திரளும் என்பது போன்ற விதிகள். புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: எத்தனை புள்ளி, எப்படிச் சுற்றிவர வேண்டும் என்று சொல்லிவிட்டால் யார் வாசலில் யார் போட்டாலும் ஒரே கோலம்தான் விழும். அதே போல, விதியும் தொடக்க எண்ணும் ஒன்றாக இருப்பதால் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் ஒரே அண்டம் கிடைக்கிறது.

இதனால் ஒரு அழகான விளைவு உண்டு. விதிகளை எழுதியவர்களே எல்லாக் கோள்களையும் பார்த்ததில்லை. ஆட்டக்காரர்கள் இத்தனை வருடம் சுற்றியும் மொத்தத்தில் ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. முதலில் போய்ச் சேர்ந்தவர் பெயர் அந்தக் கோளோடு பதிவாகும். ஆகவே கண்டுபிடிப்பு என்ற சொல்லை இங்கே தயங்காமல் பயன்படுத்தலாம் என்பது என் கருத்து. பச்சைக் கோளை முதலில் பார்த்தவருக்கு அப்படி ஒன்று அங்கே இருக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

சரி, வாயுக்கோளுக்கு வருவோம். பூமியில் நிற்பதற்குத் தரை இருக்கிறது. வியாழனில் கிடையாது. பெரும்பங்கு ஹைட்ரஜன், அடுத்தபடி ஹீலியம், இவ்விரண்டும் சேர்ந்த பிரம்மாண்டமான உருண்டை அது. எடை பூமியைப் போல 318 மடங்கு. குறுக்களவு 11 மடங்கு. அவ்வளவு பெரிய உடம்பு பத்து மணி நேரத்துக்குள் தன்னைத் தானே ஒரு முறை சுற்றி முடிக்கிறது. உள்ளே இறங்க இறங்க அழுத்தம் கூடி, வாயு திரவமாகவும், இன்னும் ஆழத்தில் மின்சாரம் கடத்தும் உலோகம் போன்ற ஹைட்ரஜனாகவும் மாறுகிறது. இதுதான் வாயு முடியும் இடம் என்று கோடு போட்டுக் காட்ட முடியாது.

அங்கே இறங்கிப் பார்த்த கருவி ஒன்று உண்டு. கலிலியோ விண்கலம் கொண்டுபோன சிறு ஆய்வுக்கலம் 1995 டிசம்பர் 7 அன்று வியாழனின் காற்றில் பாய்ந்தது. பாராசூட்டில் தொங்கியபடி ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தகவல் அனுப்பியது. அப்புறம் வெப்பத்திலும் அழுத்தத்திலும் செயலிழந்தது. அதுவரை சுமார் 150 கிலோமீட்டர் இறங்கியிருந்தது. வியாழனின் அளவுக்கு அது தோலைக் கீறியதுபோலத்தான். ஆனாலும் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று நேரடியாகத் தொட்டு அறிந்தது அந்த ஒரு முறைதான்.

தரை இல்லாத கோளில் நாம் பார்ப்பது எதை? மேகத்தை. தூரத்திலிருந்து பார்க்கும்போது வாயுக்கோளின் நிறம் என்பது பெரும்பாலும் அதன் மேல்மட்ட மேகங்களின் நிறமும், மேகத்துக்கு மேலே உள்ள வாயுக்கள் எந்த நிறத்தை விழுங்குகின்றன என்பதும்தான். எந்தப் பொருள் மேகமாக உறையும் என்பதைத் தீர்மானிப்பது வெப்பநிலை. இந்த எளிய எண்ணத்தை வைத்து 2000-ஆம் ஆண்டில் டேவிட் சுடார்ஸ்கி என்ற ஆய்வாளரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் வாயுக்கோள்களை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். விளையாட்டும் இந்தப் பிரிவைத்தான் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது. கோளை ஸ்கேன் செய்ததும் அது எந்த வகை என்று திரையில் வரும்.

முதல் வகை குளிர்ந்தது. அம்மோனியா மேகங்கள். வியாழனும் சனியும் இதில் சேரும். அதைவிடக் கொஞ்சம் சூடானால் அம்மோனியா உறையாது, தண்ணீர் மேகம் வரும். அது இரண்டாம் வகை, நல்ல வெண்மையாக இருக்கும். சுமார் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தண்ணீர் மேகமும் நிற்காது. மேகமே இல்லாத தெளிந்த காற்று நீலமாகத் தெரியும், இது மூன்றாம் வகை. அதற்கு மேல் 600 டிகிரிக்குப் பிறகு சோடியம், பொட்டாசியம் ஆவிகள் வெளிச்சத்தை விழுங்கிக் கோளை இருளச் செய்கின்றன. ஐந்தாம் வகையில் வெப்பம் 1,100 டிகிரியைக் கடந்துவிடும். அங்கே மேகம் என்பது மணலும் இரும்பும் ஆவியாகித் திரண்ட துளிகள்.

ஐந்து வகையிலும் பச்சை இல்லை என்பதைக் கவனித்தீர்களா? மஞ்சள் பட்டை, வெள்ளை, நீலம், கரும்பழுப்பு எல்லாம் வந்துவிட்டன. நிஜ வானத்தில் பச்சைக்கு அருகில் வருவது யுரேனஸ்தான். அதன் மீத்தேன் வாயு சிவப்பை விழுங்கிவிடுவதால் வெளிர் நீலப்பச்சை மிஞ்சுகிறது. நெப்டியூன் அடர் நீலம் என்று நாம் பாடப்புத்தகங்களில் பார்த்து வளர்ந்தோம். 2024-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பழைய படங்களை மீண்டும் சரிபார்த்து, இரண்டும் ஏறத்தாழ ஒரே வெளிர் நீலப்பச்சைதான் என்று காட்டினார்கள். வாயேஜர் விண்கலம் எடுத்த நெப்டியூன் படங்களில் மாறுபாடு தெளிவாகத் தெரிய வேண்டும் என்று நீலத்தை அழுத்திவிட்டிருந்தார்கள். நம் சூரிய குடும்பத்துக்கு வெளியேயும் ஒரு கோளின் நிறத்தை அளந்திருக்கிறார்கள். 63 ஒளியாண்டு தொலைவில் உள்ள ஹெச்டி 189733பி என்ற சூடான வாயுக்கோள் அடர்நீலம் என்று 2013-இல் ஹப்பிள் தொலைநோக்கி காட்டியது.

யுரேனஸைச் சொல்லும்போது எங்கள் பக்கத்து மலையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஏறினால் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம். வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம் அது. 1972-இல் அங்கே 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக்கொண்டு கடந்தபோது, பறக்கும் விமானத்தில் தொலைநோக்கி வைத்திருந்த அமெரிக்கக் குழு அந்த விண்மீன் வெளிச்சம் முன்கூட்டியே சில முறை மங்கியதைக் கண்டது. அதே நிகழ்வைக் காவலூரிலும் பதிவு செய்தார்கள். யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருக்கின்றன என்று உலகம் அறிந்தது அப்படித்தான். அந்த வளையத்தை அன்று யாரும் கண்ணால் பார்க்கவில்லை. வெளிச்சம் எங்கே குறைகிறது, எங்கே கூடுகிறது என்று அளந்தே கண்டுபிடித்தார்கள். பச்சைக் கோளைப் புரிந்துகொள்ளவும் இதே பழக்கம்தான் வேண்டும். ஒளி தெரிந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

ஒரு பொருளிலிருந்து நம் கண்ணுக்கு ஒளி வர மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, வேறொன்றின் ஒளியைத் திருப்பி அனுப்புவது. எங்கள் குப்பம் வட்டாரத்துக் குவாரிகளில் எடுக்கும் ஒரு கருங்கல்லுக்கே குப்பம் பச்சை என்று பெயர். பாலிஷ் போட்ட பலகையை வெயிலில் சாய்த்து வைத்தால் பச்சை துல்லியமாகத் தெரியும். இரவில் லாரி விளக்கு படாவிட்டால் அது பச்சையா கறுப்பா என்று சொல்ல முடியாது. கல் மற்ற நிறங்களை விழுங்கிவிட்டுப் பச்சையைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். நிலா, வியாழன், யுரேனஸ் எல்லாம் இந்த வகை. விளையாட்டின் பச்சைக் கோள் இரவுப் பக்கத்திலும் தெரிவதால் இந்த வழி அதற்குப் பொருந்தாது.

இரண்டாவது வழி வெப்பம். என் அண்ணன் மகன் கேட்டது இதைத்தான். குவாரி உளிகளை அடித்துத் தீட்டும் கொல்லுப்பட்டறையில் நின்று பார்த்திருந்தால் தெரியும். உலையில் வைத்த இரும்பு முதலில் மங்கலான சிவப்பாகும். துருத்தியை இன்னும் ஊதினால் ஆரஞ்சு. அப்புறம் மஞ்சள், மஞ்சள் கலந்த வெள்ளை. உலையும் இரும்பும் தாங்குமானால் அதையும் தாண்டி நீலம் கலந்த வெள்ளைக்குப் போகும். இந்த வரிசையில் பச்சை எப்போதாவது வந்ததா? வராது. எந்தக் கொல்லரும் பச்சையாகப் பழுத்த இரும்பைப் பார்த்திருக்க முடியாது.

ஏன் வராது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வானவில்லில் சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவே பச்சை இருக்கிறது. சூடு கூடக் கூட ஒளியின் உச்சம் சிவப்பிலிருந்து நீலத்தை நோக்கி நகர்கிறது. நடுவில் பச்சையைக் கடந்துதானே போக வேண்டும்? கடக்கிறது. ஆனால் சூடான பொருள் ஒரே நிறத்தில் ஒளி விடுவதில்லை. அகலமான ஒரு மேடு போல எல்லா நிறங்களையும் கலந்து விடுகிறது. அந்த மேட்டின் உச்சி பச்சையில் இருக்கும்போது, சரிவின் ஒரு பக்கத்தில் சிவப்பும் மறு பக்கத்தில் நீலமும் தாராளமாக இருக்கும். மூன்றும் கலந்தால் நம் கண்ணுக்கு வெள்ளை. இதற்குச் சாட்சி தினமும் காலையில் கிழக்கே எழுகிறது. சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 டிகிரி செல்சியஸ். அதன் ஒளியின் உச்சம் 500 நானோமீட்டர் அலைநீளத்தின் பக்கம், அதாவது பச்சையின் ஓரத்தில் விழுகிறது. ஆனாலும் விண்வெளியிலிருந்து பார்த்தால் சூரியன் வெள்ளை. இரவு வானத்தில் சிவப்பு விண்மீன் உண்டு, நீல விண்மீன் உண்டு, பச்சை விண்மீன் கிடையாது. காரணம் இதுதான்.

ஆகவே வெப்பத்தால் ஒளிரும் வாயுக்கோள் இருக்க முடியும், அது பச்சையாக இருக்க முடியாது. ஐந்தாம் வகைக் கோள் ஒன்றின் இரவுப் பக்கம் மங்கலான செந்தணலாகத் தெரியலாம். கெல்ட்-9பி என்ற கோளின் பகல் பக்கம் 4,000 டிகிரியைத் தாண்டுகிறது. பல சிவப்பு விண்மீன்களைவிட அது சூடு. அதுவும் ஆரஞ்சு கலந்த வெள்ளையாகத்தான் ஒளிரும். வியாழனும் வெப்பத்தை வெளியே விடுகிறது. சூரியனிடமிருந்து வாங்குவதைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு. பிறந்தபோது சுருங்கியதில் சேர்ந்த சூடு இன்னும் கசிந்துகொண்டிருக்கிறது. ஆனால் அது முழுக்க அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது.

மூன்றாவது வழிதான் மிச்சம். இதில் சூடு தேவையில்லை. ஒரு அணுவையோ மூலக்கூறையோ ஏதாவது ஒன்று தட்டி எழுப்ப வேண்டும். வேகமாக வரும் எலக்ட்ரான், சூரியனின் புறஊதாக் கதிர், வேதிவினை, எதுவானாலும் சரி. எழுந்த அணு பழைய நிலைக்குத் திரும்பும்போது தனக்கே உரிய குறிப்பிட்ட நிறத்தில் ஒளியை விடும். அகலமான மேடு இல்லை, மெல்லிய ஒற்றைக் கோடு. பச்சைக் கோடு விடும் அணு எதுவோ அது நிறைய இருந்தால் பச்சை ஒளி கிடைக்கும். துருவப் பகுதிகளின் இரவு வானில் தெரியும் துருவ ஒளியின் பச்சை இப்படி வருவதுதான். ஆக்சிஜன் அணு 557.7 நானோமீட்டரில் விடும் ஒளி அது. துருவத்தில் மட்டுமல்ல, பூமியின் இரவுப் பக்கம் முழுவதற்குமே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் இதே பச்சையில் ஒரு மெல்லிய போர்வை உண்டு. விண்வெளி நிலையத்திலிருந்து எடுத்த இரவுப் படங்களில் பூமியின் விளிம்பை ஒட்டிப் பச்சைக் கீற்று தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். 2020-இல் செவ்வாயைச் சுற்றும் விண்கலம் ஒன்று அங்கேயும், பகல் பக்கத்தில், அதே பச்சையைக் கண்டது. ஆக, இரவுப் பக்கம் பச்சையாக ஒளிரும் கோள் கற்பனை அல்ல. அதில் ஒன்றின் மேல்தான் நாம் நிற்கிறோம். மிக மிக மங்கலாக இருப்பதால் தரையிலிருந்து நமக்குத் தெரிவதில்லை.

அப்படியானால் வாயுக்கோளிலும் இது நடக்குமா? இங்கே ஒரு சிக்கல். பச்சைக்குத் தனி ஆக்சிஜன் அணு வேண்டும். வாயுக்கோள் முழுக்க ஹைட்ரஜன். தனியாகத் திரியும் ஆக்சிஜனை ஹைட்ரஜன் பிடித்துத் தண்ணீராக்கிவிடும். ஹைட்ரஜனே ஒளி விட்டால் வரும் முக்கியமான கோடுகள் ஒன்று சிவப்பு, ஒன்று நீலம் கலந்த பச்சை, சில ஊதா. எல்லாம் சேர்ந்து இளஞ்சிவப்பாகத் தெரியும். வியாழனில் பூமியைவிடப் பலமான துருவ ஒளி உண்டு, அதன் பெரும்பங்கு புறஊதாவிலும் அகச்சிவப்பிலும் போய்விடுகிறது.

கார்பனைக் கொண்டு பச்சை உண்டாக்கலாம். 2023 தொடக்கத்தில் பச்சை வால்மீன் என்று எல்லாச் செய்தித்தாளிலும் வந்தது நினைவிருக்கலாம். அதன் தலைப்பகுதிக்குப் பச்சை தந்தது இரண்டு கார்பன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு. ஆனால் அதைத் தட்டி எழுப்புவது சூரிய ஒளி. அதே சூரிய ஒளி இரண்டொரு நாளில் அந்த மூலக்கூறை உடைத்தும் விடுகிறது. அதனால்தான் வால்மீனின் தலை பச்சையாக இருந்தாலும் வால் பச்சையாக இருப்பதில்லை. சூரியன் படாத பக்கத்துக்கு இந்த வழியும் உதவாது.

மின்னல் இன்னொரு வாய்ப்பு. ஜூனோ விண்கலம் 2020 டிசம்பர் 30 அன்று வியாழனின் வடதுருவத்துக்கு அருகே எடுத்த ஒரு படத்தில், சுழலும் மேகத்துக்குள் ஒரு மின்னல் பச்சைப் பொட்டாகத் தெரிகிறது. நான் மறுபடி மறுபடி எடுத்துப் பார்க்கிற படம் அது. கேமரா படத்தில் தெரியும் நிறத்தை அப்படியே கண்ணுக்குத் தெரியும் நிறம் என்று கொள்ளக்கூடாது என்றாலும், பரந்த மேகப் பரப்பில் ஒற்றைப் பொட்டாக வெளிச்சம் வருவதைப் பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கும். ஆனால் மின்னல் அங்கங்கே வெட்டிவிட்டு அணையும். கோள் முழுவதையும் ஓயாமல் ஒளிர வைக்காது.

மிஞ்சுவது உயிர். விளையாட்டிலேயே வாயுக்கோள்களில் தண்ணீரை ஆதாரமாகக் கொண்ட உயிர்கள் உள்ளவை, அம்மோனியாவை ஆதாரமாகக் கொண்டவை என்று தனி வகைகள் வைத்திருக்கிறார்கள். இது வெறும் கதை அல்ல. 1976-இல் கார்ல் சேகனும் எட்வின் சால்பீட்டரும் வியாழனின் மேகங்களுக்குள் உயிர் இருந்தால் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டு ஒரு ஆய்வுக்கட்டுரையே எழுதினார்கள். தரை இல்லை என்பதுதான் பெரிய கவலை. கனமான உயிர் மெல்ல மூழ்கிக்கொண்டே போகும், கீழே வெப்பத்தில் வெந்துவிடும். அதற்குள் இனம்பெருக்கி, குஞ்சுகள் காற்றோட்டத்தில் மேலே ஏறிவிட வேண்டும். அல்லது பலூன் போல வெப்ப வாயுவால் மிதக்க வேண்டும். மூழ்குபவை, மிதப்பவை, வேட்டையாடுபவை போன்ற வாழ்க்கை முறைகளை அவர்கள் வகுத்தார்கள். இதுவரை வியாழனில் உயிருக்கான தடயம் எதுவும் கிடைக்கவில்லை.

உயிர்கள் பச்சையாக ஒளிர்வது நமக்குப் புதிதல்ல. ஜவ்வாது மலையடிவாரத்தில் முதல் மழைக்குப் பின் மின்மினிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். லூசிஃபெரின் என்ற பொருள் ஆக்சிஜனோடு சேரும்போது வரும் மஞ்சள் கலந்த பச்சை அது. தொட்டாலும் சுடாது. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலை நீலமாக மின்னியதும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் வேலை. ஒரு வாயுக்கோளின் மேகமெல்லாம் இப்படிப்பட்ட மிதவை உயிர்கள் நிறைந்திருந்தால்?

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். கணக்குப் போடாமல் விட்டால் இது வெறும் ஆச்சரியமாகவே நின்றுவிடும். வியாழன் இருக்கும் தூரத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 50 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது, பூமியில் விழுவதில் 27-இல் ஒரு பங்கு. பகல், இரவு, சாய்வு எல்லாம் சேர்த்துச் சராசரி பார்த்தால் சதுர மீட்டருக்கு 12 வாட் சொச்சம். அதில் ஒரு சதவீதத்தை அந்த உயிர்கள் உணவாக்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்த உணவிலும் ஒரு சதவீதத்தை மட்டும் பச்சை ஒளியாகச் செலவிடுகின்றன என்போம். கிடைப்பது சதுர மீட்டருக்கு ஒரு மில்லிவாட்டுக்குச் சற்று அதிகம். இது ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் நம் கண் பச்சையைத்தான் மற்ற நிறங்களைவிட நன்றாகப் பிடிக்கும். கண்ணின் உணர்வுக்கு மாற்றிப் பார்த்தால் அந்த மேகம் பௌர்ணமி நிலவில் சுண்ணாம்பு அடித்த சுவர் எவ்வளவு பளிச்சென்று தெரியுமோ அதைவிடச் சில மடங்கு பளிச்சென்று தெரியும். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அது தாராளம்.

ஆனால் அதே கோளின் பகல் பக்கம் இதைவிடச் சில ஆயிரம் மடங்கு பிரகாசமாக இருக்கும். கப்பலின் ஜன்னலில் பகல் பிறை கொஞ்சம் தலைகாட்டினாலும் கண் கூசி, பச்சை மறைந்துவிடும். கோளின் நிழலுக்குள் முழுவதுமாகப் புகுந்து, கேபின் விளக்குகளை அணைத்துவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருந்தால்தான் அந்தப் பச்சை மெல்ல எழும்பும். விளையாட்டில் காட்டுவது போல ஒரே பார்வையில் பகலும் பச்சையும் சேர்ந்து ஜொலிக்க வேண்டுமென்றால் அந்த உயிர்கள் நான் வைத்த கணக்கைவிட மிக அதிகமாகச் செலவழிக்க வேண்டும். சூரிய ஒளி அதற்குப் போதாது. கோளின் உள்வெப்பத்தையோ மின்னலையோ பிழைப்பாகக் கொள்ள வேண்டியிருக்கும். விளையாட்டு இந்த இடத்தில் வெளிச்சத்தைக் கூட்டிவிட்டது என்று சொல்வேன். அதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. கூட்டாமல் விட்டிருந்தால் யாருமே அந்தக் கோள்களைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

விளையாடுகிற தம்பி தங்கைகள் ஒன்று செய்து பார்க்கலாம். அடுத்த முறை வித்தியாசமான நிறத்தில் ஒரு வாயுக்கோள் வந்தால் உடனே படம் எடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டாம். தகவல் பலகையில் அதன் மேற்பரப்பு வெப்பநிலையைப் பாருங்கள். கெல்வினில் இருக்கும், 273-ஐக் கழித்தால் செல்சியஸ். சில நூறு டிகிரிக்குள் என்றால் வெப்பத்தால் அது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒளிர வழியில்லை. அப்புறம் இருட்டுப் பக்கம் சுற்றிப் போங்கள். அங்கே கறுத்துவிட்டால் அது குப்பம் பச்சைக் கல் செய்கிற வேலை. கறுக்கவில்லை என்றால் பக்கத்தில் வேறு விண்மீன் ஏதாவது வெளிச்சம் காட்டுகிறதா என்று பாருங்கள், இரட்டை விண்மீன் குடும்பங்களில் இது அடிக்கடி ஏமாற்றும். அதுவும் இல்லையென்றால் உண்மையிலேயே அரிய ஒன்று உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

நிஜ வானியலிலும் கேள்விகள் இதே வரிசையில்தான் போகின்றன, கருவிதான் வேறு. ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். சரிந்து எழும் வழவழப்பான மேடு தெரிந்தால் வெப்பம். விண்மீனின் நிறமாலையே கொஞ்சம் கடிபட்டுத் திரும்பி வந்தால் எதிரொளிப்பு. கூர்மையான ஒற்றைக் கோடுகள் தனித்து நின்றால் அணுவோ மூலக்கூறோ தானாக ஒளிர்கிறது. காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியிலும் இப்படி நிறமாலை பிரிக்கும் கருவிகள் இருக்கின்றன. தொலைதூர வாயுக்கோளின் இரவுப் பக்கத்தை அளப்பது மிகக் கடினம். ஆனாலும் வெப்பத்தை வைத்து அதையும் தொடங்கிவிட்டார்கள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி வாஸ்ப்-43பி என்ற வாயுக்கோள் தன் விண்மீனைச் சுற்றி வருவதை முழுச் சுற்றும் விடாமல் கவனித்தது. பகல் பக்கம் சுமார் 1,250 டிகிரி, இரவுப் பக்கம் சுமார் 600 டிகிரி என்று 2024-இல் முடிவு வந்தது. இரவுப் பக்கத்தில் அடர்த்தியான மேகம் இருப்பதற்கான அடையாளமும் அதில் கிடைத்தது. அந்த 600 டிகிரி மேகத்துக்குப் பக்கத்தில் போய் நின்றால், கொல்லுப்பட்டறை இரும்பு பழுக்கத் தொடங்கும்போது தெரியும் அந்த மங்கலான சிவப்பு மட்டும்தான் கண்ணுக்குப் படும்.